குருந்தமும் கார்பொரண்டமும்

ஒன்றுபோலவே ஒலித்து, பொருளில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும் ஆங்கிலச் சொற்களைக் குறித்து வைப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். 'ஸ்டேஷனரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் 'ஏ' போட்டு எழுதினால் அசையாமல் நிற்பது. 'ஈ' போட்டு எழுதினால் காகிதமும் பேனாவும். 'பிரின்ஸிபல்' ஒரு விதமாக எழுதினால் கல்லூரித் தலைவர். இன்னொரு விதமாக எழுதினால் கொள்கை. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படலாம். அகராதி அதற்குப் பொறுப்பல்ல!

என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் சோடிகளில் ஒன்றுக்கு மட்டும் நம் கொங்கு நாட்டு மண்வாசனை உண்டு. அதுதான் 'கொரண்டம்', 'கார்பொரண்டம்'. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இரும்பைத் தேய்க்கும் சக்கரத்தைப் பார்த்தவர்கள் பின்னதைக் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே கல்லின் இரு பெயர்கள் என்று நினைப்பவர்களும் உண்டு.

கொரண்டம் என்பது நம்முடைய குருந்தம்தான். ஆங்கில அகராதிகள் இந்தத் தமிழ்ச் சொல்லையே மூலமாகக் காட்டுகின்றன. வடமொழியில் குருவிந்தம் என்ற உறவுச் சொல்லும் இருக்கிறது. (குருந்த மரம் வேறு; தமிழிலும் மயக்கத்துக்குக் குறைவில்லை.) 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தில் இந்த ஆசியக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். சிவப்பு மாணிக்கமும் நீலக் கல்லும் குருந்தத்தின் நிற வேறுபாடுகளே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1812-இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்குப் 10, குருந்தத்துக்கு 9. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை 1901-இல் ஹாலண்ட் என்ற நிலநூல் அறிஞர் விரிவாக எழுதினார்.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில் இந்தக் கல்லுக்கு மதிப்பு இருந்தது. 1985 முதல் நடந்த கொடுமணல் அகழாய்வுகளில் நீலக் கல்லும் பச்சைக் கல்லும் பளிங்கும் மணிகளாக உருவான பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊரே என்பர். குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டுக் கைவினைஞரின் பழைய முறை.

இனிக் கார்பொரண்டத்துக்கு வருவோம். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செஸன் களிமண்ணையும் கரியையும் மின்சார உலையில் காய்ச்சினார். பளபளக்கும் கடினமான துகள்கள் கிடைத்தன. கரியும், குருந்தத்தில் இருக்கும் அலுமினாவும் சேர்ந்தே இது உண்டாயிற்று என்று எண்ணி, கார்பனையும் கொரண்டத்தையும் இணைத்துப் பெயர் சூட்டினார். சோதித்துப் பார்த்தபோது அது சிலிகனும் கரியும் சேர்ந்த பொருள். குருந்தம் அதில் துளியும் இல்லை. உண்மை வெளியான பிறகும் பெயர் போகவில்லை. 1893-இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆகவே அந்தச் சக்கரத்தின் பெயரில் தமிழ் இருக்கிறது. பொருளில் குருந்தம் இல்லை. இதை வைத்துக்கொண்டு அந்தக் கண்டுபிடிப்பே நம்முடையது என்று மார்தட்டும் அன்பர்களைக் கண்டால் எனக்குச் சற்று அச்சமாகத்தான் இருக்கிறது. பொய்யான உரிமை ஒன்றைக் கோரினால், கேட்பவன் மெய்யான உரிமையையும் சந்தேகிப்பான். கொடுமணலில் மணி கோத்தவர்களின் புகழுக்கு அச்செஸனின் உலை சாட்சி சொல்ல வேண்டியதில்லை. குருந்தம் என்ற சொல்லை உலகத்தின் வாயில் ஏற்றியது ஒன்றே நம் மொழிக்குப் போதுமான பெருமை.