மாக்குலா சிதைவு

வயது முதிர்வால் விழித்திரையின் மையப் பகுதி நலிந்து, நேர்ப்பார்வை குன்றும் நோய். பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டோரைத் தாக்கும்.

உடற்கூறு: கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் ஒளியுணர் படலமே விழித்திரை. அதன் நடுவில் ஏறக்குறைய 5.5 மி.மீ. விட்டமுள்ள மஞ்சள் நிறப் பகுதி மாக்குலா. லூட்டின், சியாசாந்தின் நிறமிகள் அந்நிறத்தைத் தருகின்றன. அதன் மையத்திலுள்ள சிறு குழி ஃபோவியா. அதன் நடுப்புள்ளியில் கோல் செல்கள் இல்லை, கூம்புச் செல்கள் மட்டுமே நெருங்கியுள்ளன. எழுத்தைப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இதனால்தான். விழித்திரைக்குப் பின்னால் நிறமிப் படலம், புரூக் படலம், இரத்த நாளங்கள் நிறைந்த கோராய்டு ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன.

வகைகள்: புரூக் படலத்துக்கும் நிறமிப் படலத்துக்கும் இடையே ட்ரூசன் என்னும் மஞ்சள் படிவுகள் சேர்ந்து, செல்கள் மெல்ல அழிவது உலர் வகை. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இதுவே. கோராய்டிலிருந்து புதிய நாளங்கள் முளைத்துக் கசிவது ஈர வகை. பார்வையை விரைவில் பறிக்கும்.

அறிகுறி, சோதனை: கதவின் விளிம்பு வளைந்து தெரியும், முகத்தின் நடுவில் கருந்திட்டு விழும். ஆம்ஸ்லர் கட்டத்தை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்துச் சோதிக்கலாம். ஓசிடி ஸ்கேன் படலங்களை அடுக்கடுக்காகக் காட்டும்.

சிகிச்சை: ஈர வகைக்கு, நாள வளர்ச்சியைத் தடுக்கும் ரானிபிசுமாப் போன்ற மருந்துகள் கண்ணுக்குள் ஊசியாகப் போடப்படுகின்றன. 2015-இல் இந்தியாவின் இன்டாஸ் நிறுவனம் இதற்கு ஒப்பான ‘ரசுமாப்’ மருந்தை வெளியிட்டது. கொச்சியில் கிரிதர் கண் மருத்துவமனை, மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் ஆகியவற்றில் விழித்திரைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. புகைப்பழக்கம் நோயின் அபாயத்தைக் கூட்டும்.