தவறணையின் சுவர்கள்

ஒரு கட்டடத்தின் உள்ளமைப்பைத் தச்சரும் கொத்தரும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனுள் யார் யாரோடு அமரலாம் என விதிக்கும் சமுதாயமே அதன் முதற் சிற்பி. இவ்வுண்மையை இங்கிலாந்துத் தவறணைகளின் வரலாற்றில் நாம் தெளிவாகக் காணலாம். மாலை வேளைகளில் அயலவர் கூடி உண்டும் குடித்தும் உரையாடும் இடம் அது. அங்கே அனைவரும் சமம் என்று பெருமை பேசுவோர் உளர். அதன் சுவர்களோ வேறு கதை கூறுகின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரே கூரையின் கீழ்ப் பல தவறணைகள் இருந்தன எனலாம். தொழிலாளருக்குரிய பொது அறையில் வெறுந்தரையும் மரவாங்குகளும். வசதி படைத்தோருக்குரிய சிறப்பு அறையில் கம்பளமும் மெத்தை ஆசனங்களும். இரண்டிலும் ஊற்றப்பட்டது ஒரே பியர். விலை மட்டும் வேறு. பரிமாறும் மேசைக்கு மேலே, முகம் மறையும் உயரத்தில், சுழலக்கூடிய சிறு கண்ணாடித் தடுப்புகளையும் பொருத்தினர். 'பகட்டர் திரை' எனும் பொருள்படவே ஆங்கிலேயர் இதனை அழைத்தனர். பணம் வாங்கும் கை தெரியலாம். குடிப்பவனின் முகம் தெரியலாகாது!

முதலாவது உலகப் போரின்போது அரசாங்கமே இவ்வமைப்பில் கைவைக்க நேர்ந்தது. கிரெற்னா வெடிமருந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி குடியினாற் கெடுகின்றதென அஞ்சி, 1916இல் கார்லைல் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தவறணைகளை அரசு தன்னுடைமையாக்கியது. ஹரி ரெட்ஃபேர்ன் என்னும் கட்டடக்கலைஞர் அவற்றுட் பலவற்றைப் புதுக்கியமைத்தார். மூலைமறைவுகள் நீக்கப்பட்டன, இருக்கைகளும் உணவும் முதன்மை பெற்றன. மது விற்பனையால் இலாபம் அடையாத முகாமையாளர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். இலாப நோக்கு விலகியதும் அறையின் வடிவமே மாறியது கவனிக்கத்தக்கது. 1971இல் இயற்றப்பட்ட சட்டம் இம்முயற்சிக்கு முடிவு கட்டியது.

1960களிலும் 1970களிலும் மதுவடிசாலைக் கம்பனிகள் பல தவறணைகளின் இடைச்சுவர்களை இடித்து ஒரே மண்டபமாக்கின. சமத்துவம் நோக்கியா? அன்று. ஒரே மண்டபமாயின் மேற்பார்வை எளிது, பணியாளரும் குறைவு. ஆயினும், சுவரோடு பேதமும் வீழ்ந்துவிடவில்லை.

வார்ப்பாலைகளில் உழைக்க வந்த பஞ்சாபியரும் கரீபியத் தீவினரும் வாழ்ந்த ஸ்மெதிக் நகரை நோக்குவோம். அங்குள்ள தவறணைகள் சிலவற்றின் சிறப்பு அறைகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாயிருந்தன. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜௌல் 1965 பெப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸை அத்தகைய அறையொன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்களுக்கு மது மறுக்கப்பட்டது. ஒன்பது நாள்களின் பின் மல்கம் எக்ஸ் கொலையுண்டார். அவ்வாண்டிலேயே பொது இடங்களில் நிறபேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. சங்கத்தின் இடையறாத போராட்டமும் அச்சட்டத்துக்கு வழி சமைத்தது.

பெண்கள் நிலையும் அத்தகையதே. இலண்டன் ஃபிளீட் வீதியிலுள்ள எல் வினோ மதுச்சாலையில் பெண்கள் பரிமாறும் மேசையருகே நின்று மது பெற முடியாது. பின்னறையில் அமர்ந்தே பெறல் வேண்டும். அவர்களைத் தடுக்க அங்கே சுவரில்லை. வழக்கம் ஒன்றே சுவராயிற்று. 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றமே அதனைத் தகர்த்தது.

இன்று பழைய தவறணைகளைப் புதுப்பிப்போர், எஞ்சிய கண்ணாடித் திரைகளைக் கலைச்செல்வமெனப் பேணுகின்றனர். பேணட்டும், அதனைச் செதுக்கிய தொழிலாளியின் கைத்திறன் போற்றற்குரியதே. ஆனால் அது யாரை மறைக்க எழுந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. சம்மட்டியால் மரச்சுவரை ஒரே நாளில் வீழ்த்திவிடலாம். மனிதரைப் பிரிக்கும் மற்றைச் சுவரை, அதற்கு வெளியே நிறுத்தப்பட்டோர் ஒன்றுதிரண்டாலன்றி வீழ்த்தல் இயலாது.