இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுகிறீர்களா? கையோடு இதையெல்லாம் முடிச்சிடுங்க!

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் இருக்கும் கார்களுக்கு ஓய்வே கிடையாது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்த கையோடு, புளியரை தாண்டி ஆரியங்காவு வரை ஒரு ரவுண்டு போகணும் என்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பத்து வயதைக் கடந்த கார், ஐடிலிங்கில் நடுங்க ஆரம்பிக்கும். 'மேனிஃபோல்டைக் கழட்டித்தான் பாக்கணும் அண்ணாச்சி' என்பார் மெக்கானிக்.

இன்டேக் மேனிஃபோல்டு என்பது, ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்பு. இதைக் கழற்றி மாட்டுவதற்குத்தான் நேரமும் கூலியும். இதன் அடியிலும் பக்கத்திலும் ஒளிந்திருக்கும் கேஸ்கட், ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் பெரும்பாலும் விலை குறைந்தவை. ஒன்றை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் வேலை தொடங்கும் முன்பே இந்தப் பட்டியலை மெக்கானிக்கிடம் பேசிவிடுங்கள்.

கழற்றும் முன்

முதலில் பார்ட்ஸை வாங்கி வையுங்கள். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய கேஸ்கட்டுக்காக இன்ஜின் திறந்த வாக்கில் காத்திருக்கக் கூடாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் இன்ஜெக்டர் ரெயிலைத் தொட வேண்டும். காமன் ரெயில் டீசல் என்றால் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அந்த லைன்களை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

ஹோஸ், கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றும் முன் மொபைலில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். மாட்டும்போது 'இது எங்க போகும்?' என்று தலையைச் சொறியத் தேவையில்லை.

ஆடிக்காற்று ஜாக்கிரதை!

மேனிஃபோல்டு வெளியே வந்ததும், சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துவாரங்கள் திறந்துகிடக்கும். அங்கே விழுகிற ஒரு வாஷர், ஒரு மணல் துணுக்கு, வால்வையும் சிலிண்டர் சுவரையும் பதம் பார்த்துவிடும். கேஸ்கட் மாற்றப்போய் இன்ஜினையே இறக்கும் நிலை வரலாம்.

நம்ம ஊரில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. சுரண்டையைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது மண்ணும் சருகும் பறக்காதா? மரத்தடியில் இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷெட்டுக்குள்தான் திறக்க வேண்டும். திறந்த உடனே நூல் பிரியாத சுத்தமான துணியால் துவாரங்களை அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாட்டும் முன் அதே எண்ணிக்கை வெளியே வர வேண்டும்.

கையோடு செய்யவேண்டியவை

கேஸ்கட்: பழையதைத் திரும்பப் போடவே கூடாது. ரப்பர் கேஸ்கட்டுக்கு மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவுவதும் வேண்டாம். பிதுங்கும் பேஸ்ட் உள்ளே போய்விடும். கேஸ்கட் உட்காரும் பரப்பை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டினால் போதும். உப்புத்தாளோ, கிரைண்டரோ அலுமினியத்தில் கீறல் போடும். தூளும் உள்ளே இறங்கும்.

த்ராட்டில் பாடி: தகட்டின் ஓரத்தில் கறுப்பாகப் படிந்திருப்பதை அதற்கான கிளீனரால் துடையுங்கள். ஐடிலிங் ஏறி இறங்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். சில கார்களில் சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் வைத்து ஐடிலை ரீசெட் செய்ய வேண்டும்.

பிசிவி வால்வு: இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப மேனிஃபோல்டுக்கு அனுப்பும் சின்ன வால்வு. அடைத்துக்கொண்டால் ஆயில் கசியும். கூடவே அதன் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்டர் ஓ-ரிங்: பெட்ரோல் காரில் இதை இப்போது கட்டாயம் பாருங்கள். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் பங்க்குகளில் வருகிறது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. புதிதாக வாங்கும் ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் இ20-க்கு ஏற்றவையா என்று கேட்டு வாங்குங்கள்.

டீசல் கார்: இஜிஆர் வழியாக வரும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து மேனிஃபோல்டுக்குள் தார் மாதிரி அப்பியிருக்கும். அதைக் காரில் வைத்தே சுரண்டாமல், வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். இஜிஆர் வால்வையும் அப்போதே சுத்தம் செய்துவிடலாம்.

ஒளிந்திருக்கும் பாகங்கள்: மாடலைப் பொறுத்து ஸ்டார்ட்டர் மோட்டார், நாக் சென்சார், கூலன்ட் ஹோஸ் போன்றவை மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கும். ஊதிப்போன ஹோஸ், எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் இறங்கியிருந்தால் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும்.

மாட்டும்போது

போல்ட்டுகளை நடுவில் ஆரம்பித்து இரு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் கைக்கணக்கு வேண்டாம், டார்க் ரென்ச் வேண்டும். அதிகம் முடுக்கினால் விரிசல், குறைந்தால் காற்றுக்கசிவு.

கசிவு இருந்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும், ஐடிலிங் நிலையாக நிற்காது. பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். ஸ்கேனரில் பி0171 என்ற கோடு வந்தால் காற்றுக்கசிவையும் சந்தேகப்படுங்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் தீ விபத்தில் முடியும். ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பிரேக்கைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்!

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தால்தான். ஐடிலிங்கில் உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசம்தான் உங்கள் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்துகிறது. மாட்டும்போது அந்த ஒரு ஹோஸை மறந்தாலோ, சரியாகச் செருகாவிட்டாலோ பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் வளைவில் அது தெரியவந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்!

சோதிப்பது சுலபம். இன்ஜின் ஆஃப் நிலையில் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லையா? காரை ஷெட்டை விட்டு எடுக்காதீர்கள்.

பிறகு சுரண்டைக்குள்ளேயே மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வாடை, கூலன்ட் சொட்டு எதுவும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். எல்லாம் சரியா? இனி அருவிக்குக் கிளம்பலாம்!