சக்கரத்தின் அங்குலமும் பிள்ளையின் காலும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையனுக்குப் பி.எம்.எக்ஸ். சைக்கிள் வாங்கப் போகிறோம். எத்தனை அங்குலம் எடுக்கலாம்?" தமிழ்ப்பள்ளியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வியில் வரும் 'அங்குலம்' என்ற சொல் எப்போதும் ஓர் உறுத்தலைத் தருவதுண்டு. எதனுடைய அங்குலம்? கடைக்காரர் சொல்வது சக்கரத்தின் அங்குலம். ஆனால் சைக்கிளை ஓட்டப் போவது சக்கரம் அல்லவே, பிள்ளைதானே! சக்கரத்தை அளந்து பிள்ளைக்கு வண்டி வாங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், அதற்குள் ஒரு நெடிய வரலாறே அடங்கியிருக்கிறது. அதில் நம் முன்னோரின் வரலாறும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

காலே சக்கரத்தின் அளவு

1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களைக் கொண்ட ஒரு மரவண்டியை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிக்கட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். கால் தரையில் படாதவருக்கு அந்த வண்டி பயன்படாது. ஆகவே மிதிவண்டியின் முதல் விதியே 'கால் தரையைத் தொட வேண்டும்' என்பதுதான்.

1870களில் இங்கிலாந்தில் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த உயரமான மிதிவண்டி புகழ்பெற்றது. அதில் மிதிக்கட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறை சுழலும். சக்கரம் பெரிதாக இருந்தால் வேகமும் கூடும். ஆனால் கால் எட்டும் அளவுக்குத்தான் சக்கரத்தைப் பெரிதாக்க முடியும். எனவே வாங்குபவரின் உட்கால் நீளத்திற்கு ஏற்பவே 48 அங்குலம், 52 அங்குலம், 56 அங்குலம் என்று சக்கரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சக்கரத்தின் அங்குலம் உண்மையிலேயே ஓட்டுபவரின் காலைக் குறித்தது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' மிதிவண்டியை வெளியிட்டபோது நிலைமை மாறியது. மிதிக்கட்டை நடுவில் வந்தது. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாயின. காலுக்கும் சக்கரத்துக்கும் இருந்த நேரடி உறவு அன்றோடு அறுந்தது. ஆனால் அங்குலத்தில் பேசும் பழக்கம் மட்டும் அறவே போகவில்லை. இன்று நாம் கடையில் கேட்கும் '16 அங்குலம்', '20 அங்குலம்' என்பவை அந்தப் பழைய பேச்சை நினைவூட்டுகின்றன. ஆனால் பொருளை இழந்துவிட்டன.

ஒரு சிறுவனின் வண்டியும் நம் பால்மரமும்

ரோவர் வந்த சில ஆண்டுகளிலேயே அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் சிறுவயது மகனின் மூன்று சக்கர வண்டி கற்பாதையில் அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதன் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மிதிவண்டி உலகையே மாற்றிய காற்றடைத்த டயர் ஒரு குழந்தையின் வண்டியில் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த டயரால் உலகில் ரப்பரின் தேவை பெருகியது. பின்னர் மோட்டார் வண்டிகளால் பன்மடங்காயிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த ரப்பர் நாற்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயா முழுவதும் பரவின. இன்று நாம் வாழும் செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் உழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தோட்டங்களும் ரப்பருக்கு மாறின. நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலையில் பால்மரம் சீவிய கித்தா காடுகள் இப்படித்தான் உருவாயின.

இதில் ஒரு முரண் இருக்கிறது. காற்றடைத்த டயர் ஒரு சிறுவனுக்காகப் பிறந்தது. அந்த டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ, தங்கள் உயரத்துக்கு ஏற்ற ஒரு வண்டி பல தலைமுறைகளுக்குக் கிடைக்கவில்லை.

குரங்குப் பெடல் தலைமுறை

மலாயாவில் மிதிவண்டிகள் குறைவாக இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கித் தெற்கு நோக்கி முன்னேறியபோது, அதன் வீரர்கள் பல்லாயிரவர் மிதிவண்டிகளில்தான் வந்தார்கள். மக்களிடமிருந்து பறித்த வண்டிகளும் அவற்றில் அடக்கம். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றார்கள் என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு நாடெங்கும் மிதிவண்டிகள் இருந்தன. ஆனால் அவை பெரியவர்களின் வண்டிகள். பால் வாளி சுமக்கவும், சந்தைக்குப் போகவும், ரொட்டி விற்கவும் பயன்பட்ட, 26 அல்லது 28 அங்குலச் சக்கரம் கொண்ட கனத்த இரும்பு வண்டிகள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இருக்கையில் ஏற முடியாது. ஆகவே மேற்குழாய்க்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலைப் பக்கவாட்டில் வளைத்து, பாதிச் சுற்றுப் பெடல் போட்டு ஓட்டக் கற்றார்கள். இதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். 2024இல் கமலக்கண்ணன் இயக்கத்தில் வெளிவந்த 'குரங்கு பெடல்' திரைப்படத்தின் கருவும் சைக்கிள் கற்கத் துடிக்கும் ஒரு கிராமத்துச் சிறுவன்தான்.

குரங்குப் பெடலை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அது திறமைதான், ஐயமில்லை. ஆனால் அது இல்லாமையிலிருந்து பிறந்த திறமை. வண்டிக்கு ஏற்றாற்போல் பிள்ளை தன் உடலை வளைத்துக்கொண்ட காலம் அது. "நாங்கள் அப்படித்தானே கற்றோம், வளரும் பிள்ளைதானே, பெரிய வண்டியாகவே எடுப்போம்" என்று இன்றைய பெற்றோர் சொல்லும்போது, அந்தப் பழைய இல்லாமையே இன்னும் நமக்காகப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும்.

20 அங்குலம் வந்த கதை

பிள்ளைகளின் உடலை மனத்தில் கொண்டு வடிவமைத்த வண்டிகளுள் பெரும் வெற்றி பெற்றது 1963இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டிங்-ரே'. ஆல் ஃபிரிட்ஸ் என்பவர் அதை உருவாக்கினார். 20 அங்குலச் சக்கரமும் உயர்ந்த கைப்பிடியும் நீண்ட இருக்கையும் கொண்டது அது. கலிபோர்னியாச் சிறுவர்கள் அதை எடுத்துக்கொண்டு, பெரியவர்களின் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்து, மண்மேடுகளில் தாங்களும் பந்தயம் விடத் தொடங்கினார்கள். 1970இல் லாங் பீச் நகரில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற 13 வயதுச் சிறுவன் அத்தகைய பந்தயங்களை முறையாக நடத்தத் தொடங்கினான். பி.எம்.எக்ஸ். விளையாட்டு இப்படிச் சிறுவர்களாலேயே வளர்ந்தது. 1982இல் வெளிவந்த 'ஈ.டி.' திரைப்படம் அந்த வண்டியை உலகச் சிறுவர்களின் கனவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். பந்தயம் இடம்பெற்றது.

சிறுவர்கள் வளர்ந்தார்கள், ஆனால் சக்கரம் 20 அங்குலமாகவே நின்றுவிட்டது. இன்று ஒலிம்பிக்கில் ஓடும் முழு வளர்ச்சி பெற்ற வீரரின் வண்டியும் 20 அங்குலம்தான். 7 வயதுப் பிள்ளைக்கு விற்கப்படும் வண்டியும் 20 அங்குலம்தான். இரண்டும் எப்படி ஒன்றாகும்? வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையில் ஓடும் மேற்குழாய் பெரியவர்களின் பி.எம்.எக்ஸில் 20 முதல் 21 அங்குலம் வரை நீளும். சிறுவர்களுக்கான சட்டத்தில் அது 17, 18 அங்குல அளவில் இருக்கும். அதனால்தான் பந்தயச் சட்டங்களை 'மினி', 'ஜூனியர்', 'எக்ஸ்பர்ட்', 'புரோ' என்று வகை பிரித்து விற்கிறார்கள்.

பெற்றோர் ஏமாறும் இடமும் இதுவே. பி.எம்.எக்ஸ். வண்டியின் இருக்கை தாழ்வாக இருக்கும். பிள்ளை அமர்ந்தால் கால் தரையைத் தொடும். "அளவு சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் அந்த இருக்கை சிறுபிள்ளைக்காகத் தாழ்த்தப்பட்டதன்று. பி.எம்.எக்ஸ். நின்றுகொண்டு ஓட்டும் வண்டி. தாண்டும்போது உடலுக்கு இடையூறு ஆகாதிருக்கவே இருக்கை கீழே இருக்கிறது. கால் எட்டினாலும் கை எட்டாமல் போகலாம். கைப்பிடியைப் பிடிக்கப் பிள்ளை முன்னால் சாய்ந்து தொங்க வேண்டியிருந்தால், அந்த வண்டி அவனுக்கு உரியதன்று.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

சிறுகுழந்தைகளுக்கான மிதிவண்டிகளின் பாதுகாப்பை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 8098 என்ற அனைத்துலகத் தரநிலை, தன் எல்லையைச் சக்கரத்தால் வகுக்கவில்லை. இருக்கையை அதிக அளவாக எவ்வளவு உயர்த்தலாம் என்பதைக் கொண்டே வகுக்கிறது. அது 435 மில்லிமீட்டருக்கும் 635 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட வண்டிகளுக்கானது. அறிஞர்கள் பிள்ளையின் காலுக்கு அருகில் உள்ளதைத்தான் அளக்கிறார்கள். நாமும் அதையே செய்யலாம்.

முதலில், பிள்ளையைக் காலணியோடு சுவரோரம் நிறுத்துங்கள். ஒரு புத்தகத்தை இரு கால்களுக்கு இடையில் மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். இதுவே உட்கால் நீளம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இருக்கையின் உயரம் இந்த அளவைத் தாண்டக் கூடாது. இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு 5 சென்டிமீட்டர் அளவு கூட்டலாம்.

இரண்டாவது, கை. இருக்கையில் அமர்ந்து கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மிதியின்மேல் நின்று பார்க்கும்போது முழங்கால் கைப்பிடியில் இடிக்கக் கூடாது.

மூன்றாவது, பிரேக். பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடியைச் சுற்றி வளைந்து இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். பல பிடிகளில் தூரத்தைக் குறைக்கச் சிறு திருகாணி இருக்கும். கடைக்காரரிடமே திருகித் தரச் சொல்லலாம்.

நான்காவது, எடை. 5 வயதுப் பிள்ளை ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். 9 கிலோ வண்டியைக் கொடுத்தால், அது தன் எடையில் பாதியைத் தூக்கி நிறுத்துகிறது என்று பொருள். பெரியவர் ஒருவர் 30 கிலோ மிதிவண்டியை ஓட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோராயமாகச் சொன்னால் 1 மீட்டர் உயரம் வரை 12 அங்குலம், 105 முதல் 120 சென்டிமீட்டர் வரை 16 அங்குலம், 120 சென்டிமீட்டருக்கு மேல் சிறுவர் சட்டம் கொண்ட 20 அங்குலம் பொருந்தலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஆகவே பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி வந்து வியப்பூட்டுவதைவிட, பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்வதே மேல். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு மிதிக்கட்டையே இல்லாத சிறு வண்டிகளும் இப்போது கிடைக்கின்றன. டிரைஸ் 1817இல் ஓட்டியதுபோல் காலால் உந்திச் செல்லும் வண்டி அது. பக்கச் சக்கரம் கற்றுத் தராத சமநிலையை அது கற்றுத் தருகிறது.

ஏன் இவ்வளவு கவலை?

பிள்ளைக்குச் சீருடை தைக்கும்போது ஓரளவு பெரிதாகத் தைக்கிறோம். அதில் தவறில்லை, தொளதொளப்பான சட்டையால் யாரும் விழுவதில்லை. சிக்கனம் நம் குடும்பங்களைக் காத்த பண்பு. ஆனால் சாலையில் செல்லும் வண்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பெரிய வண்டியில் ஏறிய பிள்ளை ஒன்று விழுகிறது, அல்லது பயந்து வண்டியைச் சுவரோரம் சாத்திவிடுகிறது. பிரேக் எட்டாத பிள்ளை, காலணியைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பழகிக்கொள்கிறது. பிரேக் என்பது தேவையற்ற பொருள் என்ற எண்ணம் அந்த வயதிலேயே மனத்தில் விதைக்கப்படுகிறது.

2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், மிதிவண்டிகளில் சாலையில் இருந்த பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டு, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்ததோடு முடிந்தது. அந்த விபத்துக்குப் பிறகு 'பாசிக்கால் லாஜாக்' என்ற பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. படுத்தபடி ஓட்டுவதற்காக இருக்கையும் கைப்பிடியும் தாழ்த்தப்பட்டு, பெரும்பாலும் பிரேக்கும் கழற்றப்பட்ட வண்டி அது. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் வண்டியின் அளவில் ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. எனினும், வண்டி என்பது உடலுக்குப் பொருந்த வேண்டியது, நிறுத்தத் தெரிந்த பிறகே ஓட்ட வேண்டியது என்ற இரண்டு பாடங்களையும் 5 வயதிலேயே கற்றுக்கொடுப்பது பெரியவர்களான நம் கடமை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிதத்தில் 'நீளம்' கற்பிக்கும் வாரத்தில், மாணவர்கள் தங்கள் உட்கால் நீளத்தையும் வீட்டிலுள்ள மிதிவண்டியின் இருக்கை உயரத்தையும் அளந்து எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டையும் கழித்துப் பார்க்கட்டும். விடையைப் பிள்ளையே தந்தையிடம் காட்டும்போது, நாம் பத்துக் கூட்டங்களில் சொல்லும் அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பெற்றோர்களே, நேற்றைய பிள்ளைகள் வண்டிக்கு ஏற்ப வளைந்தார்கள்; வேறு வழியில்லை. இன்று வழியிருக்கிறது. அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைக்காக அல்லாமல், இன்று உங்கள் முன் நிற்கும் பிள்ளைக்காக வாங்குங்கள். வண்டி சிறிதாகிவிட்டால் தம்பிக்கோ தங்கைக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம். அப்போதும் மறவாமல் அளந்து பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து உங்கள் ஆசிரியர்