ஏலமே, திற!

எங்கள் அம்மாச்சி சொன்ன அலிபாபா கதையில் ‘திறந்திடு சீசேம்’ என்றால் குகை திறக்காது. ‘ஏலமே, திற’ என்றால்தான் திறக்கும். காசிம் உள்ளே போய், பொன்னைப் பார்த்த மயக்கத்தில் மந்திரத்தை மறந்துவிட்டு ‘மிளகே திற, கிராம்பே திற, சீரகமே திற’ என்று ஒவ்வொன்றாகக் கத்துவான். ‘ஏலம்! ஏலம்!’ என்று நாங்கள் இங்கிருந்து கத்துவோம். அவனுக்குக் கேட்காது. திருடர்கள் வந்து வெட்டிப் போடுவார்கள்.

அம்மாச்சி போடிநாயக்கனூரில் ஏலக்காய் வேலை பார்த்தவர். இளவயதில் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுக்கப் போனார். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு, ஊருக்குள்ளேயே ஒரு கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. எட்டு மில்லிமீட்டர் காய் தனி, ஏழு தனி, வெடித்தது தனி, நிறம் வெளுத்தது தனி. சல்லடை பாதி வேலையைச் செய்யும். மீதி கண்ணும் விரலும். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாதவர் அந்தத் தரையில் ஒரு வாரம் தாங்க முடியாது.

“படத்துல சீசேம்னுதான சொன்னாங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதென்னடா சீசேமு? பேரே தெரியாத சாமானுக்கு எந்தக் கதவு தொறக்கும்?”

அவர் பார்த்த படம் 1956 பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் இயக்கித் தயாரித்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி, வில்லச் சிரிப்புக்கென்றே பிறந்த பி.எஸ்.வீரப்பா. கேவா கலரில் வந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதற்கு முன்பே, 1941இல், இதே கதையை என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவையாகச் செய்திருந்தார்கள். ஆனாலும் நம் வீடுகளில் பீரோ கதவு திறக்காதபோது எல்லோரும் சொல்லும் மந்திரத்தை ஊரெல்லாம் பரப்பியது 1956தான்.

சரி, சீசேம் என்றால் என்ன? எள். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எள்ளுக்கு உள்ள பெயரை அப்படியே எடுத்து மந்திரமாக்கிவிட்டோம். இந்திக்காரர்கள் ‘சிம்சிம்’ என்கிறார்கள்; அது அரபியில் எள். எனக்கு இது தெரிந்தது கல்லூரியில் படிக்கும்போது. தெரிந்ததும் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் அம்மாச்சியின் காசிம் ஞாபகத்துக்கு வந்தான்.

அலிபாபா கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபிச் சுவடிகளில் கிடையாது. 1709இல் அலெப்போவிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர், அந்தோவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை அது. கலான் குறிப்பெடுத்து, விரித்து எழுதினார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1717இல் அச்சாயிற்று. புத்தகத்தில் ஹன்னாவின் பெயர் இல்லை. வயதான காலத்தில் அவரே எழுதிவைத்த பயணக்கதையின் கைப்பிரதி வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, நம் காலத்தில்தான் அச்சேறியது.

அந்த 1717 கதையில் காசிம் என்ன செய்கிறான் தெரியுமா? எள்ளை மறந்துவிட்டு ‘வாற்கோதுமையே, திற’ என்கிறான். பிறகு வேறு வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறான். அதாவது மந்திரம் வெறும் சத்தமல்ல. அங்காடியில் குவித்து விற்கும் ஒரு சாமான். கழுதையை ஓட்டிக்கொண்டு விறகு வெட்டப் போகும் அலிபாபாவுக்கு அது நினைவில் நிற்கிறது. வசதியாக வாழும் அண்ணன் காசிமுக்கு நிற்கவில்லை. கதையின் முள் அங்கேதான் இருக்கிறது. எள்ளைச் சீசேமாக்கியபோது அந்த முள்ளை நாம் பிடுங்கிவிட்டோம். கலானைக் கேள்விப்படாத அம்மாச்சி அதைத் திரும்பக் குத்திவைத்திருந்தார்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. கதையின் முடிவில் எண்ணெய் ஜாடிகளுக்குள் ஒளிந்திருக்கும் முப்பத்தேழு திருடர்களையும் வேலைக்காரி மர்ஜியானா கொதிக்கும் எண்ணெய் ஊற்றிக் கொல்கிறாள். எள் + நெய்தான் எண்ணெய். திறந்ததும் எள், தீர்த்துக்கட்டியதும் எள். நம் மொழிக்கு எப்படியொரு வசதி வாய்த்திருந்தது! கையில் வைத்துக்கொண்டே விட்டுவிட்டோம்!

மர்ஜியானா என்றதும் இதையும் சொல்லவேண்டும். 1709 மே மாதம் கலான் தன் நாட்குறிப்பில் இந்தக் கதையைக் குறித்தபோது கொடுத்த தலைப்பில் அலிபாபாவே இல்லை. மர்ஜியானாவின் சாமர்த்தியம், ஓர் அடிமைப்பெண்ணின் திறமையால் அழிந்த நாற்பது திருடர்கள் என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார். 1717இல் அச்சேறியபோதுதான் தலைப்பில் அலிபாபா முன்னால் வந்து நின்றுகொண்டான். 1956 படத்தில் பானுமதி எவ்வளவு கம்பீரமாக நின்றாலும், மர்ஜியானா கடைசியில் நாயகனின் காதலிதான். கலானின் கதையில் அலிபாபா அவளுக்கு விடுதலை கொடுத்து, தன் மகனுக்குக் கட்டிவைக்கிறான். அம்மாச்சிக்கு இரண்டும் பிடித்திருக்காது. அவர் கதையில் மர்ஜியானா கல்யாணம் செய்துகொள்வதில்லை. குகைக்கு அவளே போவாள், ஏலத்தின் பெயரைச் சொல்லுவாள், தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

“எங்க போவா அம்மாச்சி?”

“அவ ஊருக்கு. பின்ன, அங்கயே கெடந்து பாத்திரம் வெளக்கவா?”

அந்தக் கதையை அம்மாச்சி ஒருநாளும் அலிபாபா கதை என்று சொன்னதில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, “வாங்கடா, மர்ஜியானா கதை சொல்றேன்” என்றுதான் கூப்பிடுவார்.