கிண்டியில் ஈ பிடித்த கதை

வியாபாரம் படுத்துவிட்ட கடைக்காரரைப் பார்த்து "ஈ ஓட்டுகிறார்" என்கிறோம். நம் ஊரில் ஈக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற கிண்டியில், இரண்டு ராணுவ டாக்டர்கள் ஈ பிடிப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தார்கள். ஈக்களைப் பற்றி உலகமே திருப்பிப் பார்த்த ஒரு புத்தகத்தை எழுதினார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு ஈ தப்பித்துப் போனது. அந்த ஈயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிங் இன்ஸ்டிட்யூட் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2020இல் கொரோனா பரிசோதனை முடிவுக்காகத் தமிழ்நாடே காத்திருந்த இடம். 2023இல் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டதும் அந்த வளாகத்தில்தான். (கிங் என்றால் ராஜா அல்ல. கர்னல் கிங் என்று சென்னை மாகாண சுகாதார அதிகாரி ஒருவர் இருந்தார், அவர் பெயர்.) 1899இல் ஆரம்பித்தபோது அதன் முக்கியமான வேலை அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பது. கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப் பாலை வளர்த்து எடுப்பார்கள். 1905இல் ஆய்வுக்கூடக் கட்டடம் திறந்தார்கள். கிண்டி அப்போது நகரத்துக்கு வெளியே. தாம்பரமோ இன்னும் வெளியே, காடும் ஏரியும்தான். கிறிஸ்தவக் கல்லூரியே 1937இல்தான் இங்கே வந்தது.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் வால்டர் ஸ்காட் பாட்டன், பிரான்சிஸ் வில்லியம் கிராக் என்ற இரண்டு பேர். இருவரும் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணியின் அதிகாரிகள். டாக்டர்களுக்கு ஈயிடம் என்ன வேலை என்று கேட்கலாம். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார் அல்லவா? அதற்குப் பிறகு மருத்துவ உலகமே மாறிப்போனது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பூச்சி இருக்கும் என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். பூச்சி எது என்று தெரிய வேண்டுமானால் முதலில் பூச்சிகளைத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் ஈக்களை அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஈ என்று நாம் சொல்வது வீட்டு ஈயை மட்டும்தான். பூச்சியியலில் ஈக்களின் குடும்பம் ரொம்பப் பெரியது. பெரும்பாலான பூச்சிகளுக்கு நான்கு இறக்கை, இவைகளுக்கு இரண்டுதான். பின்னிறக்கை இரண்டும் சுருங்கி, குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ்களாக நிற்கும். பறக்கும்போது தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அவைகளின் வேலை. இந்தக் கணக்கில் கொசுவும் ஒரு ஈதான். பழக்கடையில் மொய்க்கும் பொடி ஈயும், பிணத்தில் முட்டையிடும் நீல ஈயும் அப்படியே. உலகத்தில் இதுவரை பெயர் வைத்தவை மட்டும் ஒன்றரை லட்சம் இனத்துக்கு மேல்.

பாட்டனும் கிராக்கும் எடுத்துக்கொண்டது மாட்டு ஈக்களை. முடிச்சூர் ரோட்டில் படுத்திருக்கும் எந்த மாட்டையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கழுத்திலும் கால்களிலும் சாம்பல் நிற ஈக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் ஒரே ஜாதி என்று தோன்றும். இல்லவே இல்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு மட்டும் வாய் நுனியில் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. இப்போது மஸ்கா கிராஸிரோஸ்டிரிஸ் என்கிறோம். அது தோலைச் சுரண்டி ரத்தம் வரவைக்கும். மற்ற ஈக்களால் சுரண்ட முடியாது, நக்க மட்டும்தான் முடியும். அதனால் அவை சும்மா காத்திருந்து, ரத்தம் கசிந்ததும் சுரண்டியவனைத் தள்ளிவிட்டுக் குடிக்கும்! இந்தக் கூத்தை உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அப்படி ஓசியில் குடிக்கும் ஈக்களில் ஒன்றுக்கு 1910இல் லண்டனில் ஆஸ்டன் என்பவர் மஸ்கா பட்டோனி என்று பாட்டன் பெயரையே வைத்தார். கௌரவம்தான், என்ன செய்வது.

கிராக் ஒரு படி மேலே போய், அந்தப் பல் ஈயின் வாயை அறுத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு தசையாகப் பார்த்து 1912இல் தனி அறிக்கையே எழுதினார். படிக்கும்போது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நக்கிக் குடிக்கும் வீட்டு ஈயின் வாய், ஊசி மாதிரிக் குத்தும் வாயாக எப்படி மாறியது? வீட்டு ஈயிடமும் அந்தப் பற்கள் உண்டு, மிகச் சிறியதாக. பல் ஈயிடம் அதுவே பெரிதாகியிருக்கிறது. தொழுவ ஈயிடம் வாய் முழுவதும் விறைத்த ஊசியாகிவிட்டது. பரிணாமத்தின் மூன்று படிகளும் ஒரே மாட்டின் முதுகில்!

1913இல் இருவரும் சேர்ந்து மருத்துவப் பூச்சியியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டார்கள். 700 பக்கத்துக்கு மேல். கொசு, ஈ, தெள்ளு, பேன், மூட்டைப்பூச்சி, உண்ணி எல்லாம் அதில் உண்டு. எப்படிப் பிடிப்பது, எப்படி வளர்ப்பது, எப்படி அறுப்பது என்று செய்முறையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், வெளியிட்டது கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். துண்டுப் பிரசுரமும் பக்தி நூலும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பேனுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் எப்படி ஒப்புக்கொண்டார்களோ!

இப்போது தப்பித்த ஈக்கு வருகிறேன்.

காலா அசார் என்று ஒரு நோய். கருங்காய்ச்சல் என்று அர்த்தம். விட்டுவிட்டு ஜுரம் வரும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், உடம்பு உருகி, மருந்தில்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். அஸ்ஸாமையும் வங்காளத்தையும் வாரிக்கொண்டு போனது. வட சென்னையிலும் இருந்தது. 1903இல் லண்டனில் லீஷ்மன் என்பவர், கல்கத்தா பக்கம் டம்டமில் நோய்ப்பட்டு இறந்த சிப்பாயின் மண்ணீரலில் பார்த்த உருண்டைகளைப் பற்றி எழுதினார். அதே வருடம் சென்னை பெரியாஸ்பத்திரியில் சார்லஸ் டோனவன் அதே உருண்டைகளை, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் பார்த்தார். கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டோனவனி என்று ஆனது. (பெயர் வைத்தவர் அதே ராஸ்.) உலக மருத்துவப் புத்தகங்களில் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் நம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது இப்படி.

கிருமி கிடைத்துவிட்டது. ஆளிடமிருந்து ஆளுக்கு எது கொண்டு போகிறது?

கிண்டியில் பாட்டன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நோயாளிகளை மூட்டைப்பூச்சிகளைக் கடிக்கவைத்து, பிறகு அந்தப் பூச்சிகளை அறுத்துப் பார்த்தார். மூட்டைப்பூச்சியின் குடலில் அந்த உருண்டைகள் வால் முளைத்து நீந்த ஆரம்பித்திருந்தன. 1907இல் அறிக்கை வெளியானது. யோசித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். காலா அசார் வீட்டோடு ஒட்டிய நோய். ஒரு வீட்டில் வந்தால் அந்த வீட்டிலேயே சுற்றும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் பழைய குடிசை வரிசையைக் கைவிட்டு, சில நூறு கெஜம் தள்ளிப் புதிய வரிசை கட்டினாலே நோய் நின்றுவிட்டதைப் பார்த்திருந்தார்கள். வீட்டை விட்டு நகராமல், இரவில் வந்து ரத்தம் குடிக்கும் பூச்சி என்றால் யாருக்குத்தான் மூட்டைப்பூச்சி ஞாபகம் வராது?

டோனவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு பெரிய ரத்தம் குடிக்கும் நாவாய்ப் பூச்சி மேல் சந்தேகம். ஆக, சென்னையில் இரண்டு கட்சி, இரண்டும் தப்பு. பாட்டன் 1921இல்கூட மூட்டைப்பூச்சியை வைத்துத்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். பதினான்கு வருடம்!

உண்மையான குற்றவாளி ஒரு ஈ. மணல் ஈ என்கிறார்கள், மணலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது இறக்கைகளைக் கைகூப்பிப் பிரித்த மாதிரி மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். கொசு மாதிரி ரீங்காரம் கிடையாது. ஒரே மூச்சில் தூரம் பறக்காது, தத்தித் தத்திப் போகும். தண்ணீரும் வேண்டாம். ஈரமான மண்ணும் மக்கும் சாணமும் சுவரில் விரிசலும் போதும், முட்டையிட்டுவிடும். மாட்டு ரத்தம் என்றால் உயிர், மனிதன் கிடைத்தாலும் விடாது. அதாவது அது வாழும் இடம் மாட்டுக் கொட்டகையும் அதை ஒட்டிய மண் வீடும். பாட்டனும் கிராக்கும் பழகிய அதே மாடுகளுக்குப் பின்னால் இருக்கும் சுவர்! பகலில் மாட்டின் முதுகைப் பார்த்தவர்களுக்கு, இரவில் அதே மாட்டைக் கடித்துவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஈயைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

தெரியாமல் இல்லை என்பதுதான் வருத்தம். 1908இலேயே கல்கத்தா இந்திய மியூசியத்தில் அன்னண்டேலும் புருனெட்டியும் இதற்கு ஃபிளபோடமஸ் அர்ஜென்டிபெஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அர்ஜென்டிபெஸ் என்றால் வெள்ளிக்கால். (புருனெட்டி தொழில்முறையில் சங்கீதக்காரர். ஈ அவருக்குப் பொழுதுபோக்கு. இந்திய ஈக்களைப் பற்றிய அரசாங்கப் புத்தகங்களில் மூன்று தொகுதிகள் அவர் எழுதியவை.) 1913 பாடநூலில் மணல் ஈக்கும் இடம் உண்டு. ஆனால் அது வேறொரு மூன்று நாள் ஜுரத்தைப் பரப்பும் பூச்சியாகத்தான் அறியப்பட்டிருந்தது. காலா அசாரோடு யாரும் முடிச்சுப் போடவில்லை.

முடிச்சுப் போட வைத்தது நுண்ணோக்கி அல்ல, வரைபடம். கசௌலியில் சிண்டன் என்ற இன்னொரு ஐ.எம்.எஸ். டாக்டர் இந்தியாவில் எந்த மணல் ஈ எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். (விக்டோரியா கிராஸும் வாங்கி, ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆன ஒரே ஆள் உலகத்திலேயே இவர்தான்.) காலா அசார் இருக்கும் இடங்களும் வெள்ளிக்கால் ஈ இருக்கும் இடங்களும் பொருந்திப் போயின. 1924இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் இந்த ஈயை நோயாளிகளைக் கடிக்கவைத்துப் பார்த்தார்கள். குடலில் வால் முளைத்த கிருமிகள் ஏராளமாகப் பெருகியிருந்தன.

அதோடு முடியவில்லை. கடித்தால் நோய் வருகிறது என்று காட்ட வேண்டுமே? இன்னும் பதினெட்டு வருடம் ஆனது. ஈயை ஒருமுறை ரத்தம் குடிக்கவைத்து, கிருமி வளர்ந்ததும் இன்னொருவரைக் கடிக்கவைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அது சரியாகவே நடக்கவில்லை. ஒன்று ஈ செத்துப்போகும், அல்லது கிருமி வளராது. தடையை உடைத்தது உலர்ந்த திராட்சை. சிரிக்காதீர்கள். மணல் ஈ ரத்தம் மட்டும் குடித்து வாழ்வதில்லை. இயற்கையில் செடிகளின் இனிப்பையும் குடிக்கும். ரத்தத்துக்குப் பிறகு திராட்சையைக் கொடுத்ததும் ஈயும் பிழைத்தது, அதன் தொண்டையை அடைக்கும் அளவுக்குக் கிருமியும் பெருகியது. தொண்டை அடைத்த ஈ அடுத்த ஆளைக் கடிக்கும்போது கிருமியை உள்ளே விட்டது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தன்னார்வலர்களை அப்படிக் கடிக்கவைத்து, அவர்களுக்குக் காலா அசார் வந்ததைக் காட்டினார்கள். கட்டுரையில் முதல் பெயர் சுவாமிநாத். ஷார்ட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், இவரைப் பற்றி இரண்டு பக்கம் தேடிப் பிடிப்பதே கஷ்டம். எனக்கு இதில் கோபம்தான்.

மனிதர்களுக்கு நோயைக் கொடுத்துப் பார்ப்பது சரியா என்று கேட்டால், இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அப்படியே அனுமதிக்காது. கையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடித்த யூரியா ஸ்டிபமைன் மருந்து இருந்தது என்பது ஒன்றுதான் சமாதானம்.

கிராக் இதையெல்லாம் பார்க்கவில்லை. கல்கத்தாவில் மணல் ஈயின் குடலில் கிருமியைப் பார்த்த அதே 1924இல், டைஃபஸ் ஆராய்ச்சியில் இருந்தபோது அந்த நோயே தொற்றி இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டுதான். பாட்டன் இங்கிலாந்து திரும்பி, லிவர்பூலில் பூச்சியியல் பேராசிரியராகி, ரொம்பக் காலம் வாழ்ந்தார்.

1950களில் மலேரியாவுக்காக வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடித்தார்கள். யாரும் குறிவைக்காமலே மணல் ஈயும் செத்தது, காலா அசார் ஏறக்குறைய காணாமல் போனது. மருந்து அடிப்பது நின்றதும் 1970களில் பீகாரில் திரும்பி வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. உலகிலேயே முதல் நாடாக பங்களாதேஷ் இந்நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

சென்னையில் கிருமி போய்விட்டது, ஈ போகவில்லை. தமிழ்நாட்டில் பரவலாகவே இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி, மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குப் பால் ஊற்றுபவரின் கொட்டகைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். "என்ன தம்பி, எதைத் தொலைச்சே?" என்றார். ஈ தேடுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சாணம் தெறித்த பின்சுவரில், முழங்கால் உயரத்தில், இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொடிப் பூச்சி உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தைக் கிட்டே கொண்டு போனதும் தத்தி, விரிசலுக்குள் போய்விட்டது.