வள்ளி திருமணம் – இசை நாடகம்

வள்ளி திருமணம், முருகன் வள்ளியைக் காதலித்து மணந்த கதையைச் சொல்லும் தமிழ் இசை நாடகம். இன்று மேடைகளில் நடிக்கப்படுவது, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய பாடல்களையும் உரையாடல்களையும் அடிப்படையாகக் கொண்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடந்து வருகிறது. அரிச்சந்திரா, பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா எனச் சுவாமிகளின் வேறு நாடகங்களும் மேடையேறுகின்றன. ஆனாலும் ஊர்க்காரர்கள் கூடி நாடகம் பேசும்போது பெரும்பாலும் முதலில் எழும் பெயர் வள்ளி திருமணம்தான். கதையும் முடிவும் சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த கதையைப் பார்க்க ஆண்டுதோறும் மக்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பது ஏன் என்பதற்கு, இந்த நாடகத்தின் அமைப்பிலும் அது நடத்தப்படும் முறையிலும் விடை இருக்கிறது.

கதையின் வேர்

முருகனும் வள்ளியும் இணைந்த செய்தி நற்றிணையின் 82-ஆம் பாடலிலேயே உவமையாக வருகிறது. பரிபாடலின் ஒன்பதாம் பாடல் ஒரு படி மேலே செல்கிறது. அதில் வள்ளியின் பக்கத்தாருக்கும் தேவசேனையின் பக்கத்தாருக்கும் பூசல் நடக்கிறது. பெற்றோர் கொடுக்க நடக்கும் மணத்தைவிட, இருவர் மனம் ஒத்து உண்டாகும் களவு மணமே சிறந்தது என்று அப்பாடல் வாதிடுகிறது. வள்ளியின் காதலைத் தமிழின் அகமரபோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

முழுக் கதையைக் கச்சியப்ப சிவாச்சாரியார் தம் கந்தபுராணத்தின் கடைசிப் பகுதியில் விரித்துப் பாடினார். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த பெண் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை ஓட்டுகிறாள். நாரதர் அவளைக் கண்டு முருகனிடம் சொல்ல, முருகன் வேடனாக வருகிறான். தகப்பன் வரும் அரவம் கேட்டு வேங்கை மரமாக நிற்கிறான். பிறகு தள்ளாத கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கி உண்கிறான். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக்கொள்கிறாள். உடன்போக்கு, சண்டை, சமாதானம், திருமணம் என்று கதை முடிகிறது. வேலூருக்கு அருகிலுள்ள வள்ளிமலையை இக்கதை நடந்த இடமாக மக்கள் இன்றும் வணங்குகிறார்கள்.

சுவாமிகளும் அவர் வெறுத்த குழப்பமும்

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் திரைச்சீலையும் ஆர்மோனியமும் தமிழ் மேடைக்கு வந்துவிட்ட காலம் அது. தெருக்கூத்தில் விரிந்து கிடந்த கதைகளை அவர் காட்சிகளாகப் பிரித்து, விருத்தமும் கீர்த்தனையும் உரைநடையும் கலந்து கட்டுக்கோப்பான பிரதிகளாக்கினார். ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் அவ்வை தி. க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

அக்காலத்துப் பெரிய நடிகர்கள் பிரதிக்குக் கட்டுப்படவில்லை. மேடையில் தம் விருப்பப்படி பாடினார்கள், பேசினார்கள், ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். இதில் சலிப்புற்றே சுவாமிகள் சிறுவர்களைக் கொண்ட நாடக சபைகளின் பக்கம் திரும்பினார் என்பர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி. க. சண்முகம் சகோதரர்கள் அங்கு பயின்றவர்களே.

வரலாறு இதில் சுவாமிகளுடன் கொஞ்சம் விளையாடியிருக்கிறது. ஒழுங்கும் ஒத்திகையும் கொண்ட அந்தப் பெரிய சபைகள், திரைப்படம் வளர வளர ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவர் சலித்துக்கொண்ட ‘ஸ்பெஷல் நாடக’ முறைதான் அவருடைய பாடல்களை இன்றுவரை கிராமங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஒத்திகை இல்லாத நாடகம்

ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனப் பெண், ஆர்மோனியம், மிருதங்கம், தாளமும் ஒலிக்குறிப்புகளும் தரும் ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகிறார்கள். நடிகர் சங்கங்கள் உள்ள ஊர்களில் நாள் பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். முருகன் ஒரு ஊரிலிருந்தும் வள்ளி இன்னொரு ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அன்றிரவுதான் இருவரும் முதன்முதலாகச் சந்திப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடல்களும் காட்சிகளின் வரிசையும் இருவருக்கும் தெரியும் என்பது மட்டுமே உறுதி.

இந்த ஏற்பாடு எல்லா நாடகங்களுக்கும் பொது. வள்ளி திருமணத்துக்கு மட்டும் அது தனிப்பொருத்தமாக அமைந்துவிட்டது. ஒருவரை ஒருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் தினைப்புனத்தில் எதிர்ப்பட்டுப் பேச்சில் அளந்து பார்ப்பதுதான் கதை. மேடையில் நடப்பதும் அதுவே.

தர்க்கம்

இரவு பத்து மணிவாக்கில் ஆர்மோனியம் தொடங்கும். பபூனும் நடனமும் நகைச்சுவையும் முன்னிரவை எடுத்துக்கொள்ளும். கதை சூடுபிடிக்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும். கூட்டம் காத்திருப்பது ‘தர்க்கம்’ என்ற பகுதிக்காக. முதலில் நாரதரும் வள்ளியும், பின்னர் வேலனும் வள்ளியும் வாதிடுவார்கள்.

நாரதர் வள்ளியிடம் முருகனை மணந்துகொள்ளச் சொல்கிறார். அவள் உடனே தலைகுனிந்து சம்மதிப்பதில்லை. திருமணம் எதற்கு, இல்லறம் பெரிதா துறவு பெரிதா, ஆண் உயர்ந்தவனா பெண் உயர்ந்தவளா, ஏற்கெனவே ஒருத்தியை மணந்தவன் இன்னொருத்தியைக் கேட்கலாமா என்று கேள்விகள் கிளம்பும். திருக்குறள், தேவாரம், சித்தர் பாடல், புராணம் எங்கிருந்து வேண்டுமானாலும் மேற்கோள் வரும். எதிராளி விடையைப் பாட்டாகவும் தரலாம், வசனமாகவும் தரலாம். ஒருவர் ஒரு ராகத்தைப் பிடித்தால் மற்றவர் அதிலேயே பதில் சொல்ல வேண்டிவரும். திணறினால் பந்தலுக்கே தெரிந்துவிடும். முன்வரிசைப் பெரியவர்களில் பலர் இந்தப் பாடல்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களை ஏமாற்ற முடியாது.

வேலன் வரும் இடத்தில் வாதத்தின் நிறம் மாறும். தொலைத்த மானைத் தேடி வந்த வேடன் என்று அவன் சொல்கிறான். மான் எது, மங்கை எது என்று சொல்லை வைத்து இருவரும் ஆடுவார்கள். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள் என்பது பார்ப்போருக்குத் தெரியும். அதனால் அந்தச் சிலேடை வெறும் சொல்விளையாட்டாக நிற்பதில்லை. தலைவன் விலங்கைத் தேடுவதுபோல் வந்து தலைவியிடம் பேச்சுக் கொடுப்பது சங்க அகப்பாடல்களின் பழைய உத்தி. படிப்பறியாத கூட்டத்துக்கும் அது புரிகிறது.

காதல் நாடகங்கள் பலவற்றில் பெண் அழகாக நின்றால் போதும். இங்கே வள்ளி தோற்றுப்போகாமல் பேச வேண்டும், பாட வேண்டும். கடவுளே வந்து கேட்டாலும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளாத ஒரு பெண்ணை இரவு முழுவதும் பார்க்கும் வாய்ப்பு, மேடையிலும் வீட்டிலும் அதிகம் கிடைப்பதில்லை.

மேடையில் தொடங்கிய இல்லறம்

வள்ளி திருமணத்தின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும். 1926-ல் இலங்கையில் இருவரும் சேர்ந்து இந்நாடகத்தில் நடித்தார்கள். எட்டாத உச்சத்திலும் பிசிறாத இரு குரல்கள் தர்க்கத்தில் மோதியபோது அது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. 1933 டிசம்பரில் அவர் 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாள் அதன் பிறகு வெள்ளைச் சேலை உடுத்தி, ஆண்களுடன் இணைசேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதிகொண்டு வாழ்ந்தார். பிற்காலத்தில் அவ்வையாராக அவரைத் திரையில் கண்ட தலைமுறைக்கு, அவர் ஒரு காலத்தில் தினைப்புனத்து வள்ளியாக நின்றவர் என்பது வியப்பாக இருக்கும்.

மயில்மேல் பிரிந்த உயிர்

இந்நாடகத்தின் நெகிழ்ந்த அமைப்பு விடுதலைப் போராட்டத்துக்கும் இடம் கொடுத்தது. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி அரசு ஆட்சேபகரமான நாடகங்களைத் தடுக்க முடியும். புராண நாடகத்தில் அப்படி என்ன இருக்கப்போகிறது? ஆனால் தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டில் விரட்டப்படும் பறவை வெள்ளைக் கொக்கு. அந்தக் கொக்கு யார் என்பது கூட்டத்துக்கும் புரிந்தது, பின்னால் நின்ற போலீசாருக்கும் புரிந்தது.

அதைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. மேடையில் முருகனாக வந்தவரை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. அவருடன் சமமாக நின்று நடிக்கவோ சிலருக்கு மனம் வரவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகியுள்ளது.

திரையில்

மேடையில் வெற்றி பெற்றதைத் திரை விட்டுவைக்கவில்லை. 1933-ல் டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த ‘வள்ளி திருமணம்’ வந்தது. 1945-ல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் டி. ஆர். மகாலிங்கம் முருகனாகவும் ருக்மிணி வள்ளியாகவும் நடித்தனர். ருக்மிணியின் பாட்டுக்குப் பதிலாகப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. மேடை வள்ளிக்கு இல்லாத வசதி இது. 1961-ன் ‘ஸ்ரீவள்ளி’யில் சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி, முன்பு முருகனாக நடித்த மகாலிங்கம் நாரதர். மூன்று படங்கள் வந்தும் கிராமத்து நாடகம் நிற்கவில்லை. படத்தில் தர்க்கம் ஒரே மாதிரி முடிந்துவிடுகிறது.

இன்றைய நிலை

நாடகத்துக்கு நேர்த்திக்கடன் என்ற பக்கமும் உண்டு. வள்ளிக்கும் முருகனுக்கும் திருமணம் நடத்தி வைத்தால் மழை பெய்யும், வீட்டில் தடைப்பட்ட கல்யாணம் கூடும் என்பது ஊர் நம்பிக்கை. பல பிள்ளைகளுக்குத் திருமணம் கூட வேண்டிக் கட்டப்படும் இந்த நாடகத்தில் வள்ளியாக நடிப்பவருக்கு, நாடகக்காரி என்ற பேச்சு காரணமாகத் தன் வீட்டில் அல்லது தன் மகளுக்கு வரன் அமைவது கடினமாகிறது. இந்த முரண் பல தலைமுறைகளாக மாறாமல் வருகிறது.

மாறியவையும் உண்டு. பபூனும் நடனமும் நீண்டு, தர்க்கம் சுருங்கிவருவதாக மூத்த ரசிகர்கள் குறைப்படுகிறார்கள். குறை நியாயமானது, சுவாமிகளின் பாடல்களில் பல இப்போது பல்லவியோடு நின்றுவிடுகின்றன. கலைஞர்களின் ஆண்டு வருமானம் மாசி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலத்தை நம்பியது. 2020-ல் பங்குனியில் ஊரடங்கு வந்தபோது அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. 2021-ன் சித்திரை, வைகாசியும் அப்படியே போயின. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வழியில்லாமல் தவித்தவர்கள் பலர்.

பிறகு திருவிழாக்கள் திரும்பின, நாடகங்களும் திரும்பின. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் முருகன் வள்ளிக்கு மாலையிடுவார். பெண்கள் முன்னே வந்து தேங்காய் உடைத்து, தட்டில் பணம் வைத்து, திருநீறு வாங்கிக்கொள்வார்கள். பந்தல் காலியாகும். முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு, மீதிச் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு இருவரும் முதல் பேருந்துக்கு நிற்பார்கள். அன்றிரவு வள்ளிக்கு வேறொரு ஊரில் நாடகம். அங்கே முருகன் யார் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரியும்.